தம்பி துப்பிய காபி: தாம்பரம் – திண்டிவனம் – விழுப்புரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தம்பி பிரபுவின் கல்யாணப் பேச்சு. 2014, ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் வீடு விழுப்புரம். கோயில், கோட்டை, கடற்கரை என்று எழுதும் வலைப்பூவில் பெண் பார்க்கப் போன கதை எதற்கு என்று கேட்பீர்கள். தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் நல்ல காபிக்கு எங்கே வண்டியை நிறுத்துவது என்று மாதத்துக்கு நாலு பேராவது எனக்கு எழுதுகிறீர்கள். அந்தப் பதிலும் இதில் வருகிறது. ஆனால் போய்வந்த பிறகு எனக்கே வேறொரு கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் பிரபுவைப் பற்றி. பெங்களூரில் காபிக்கொட்டை வறுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அதோடு காபிப் போட்டிகளுக்கும் போகிறவன். ஆமாம், காபி போடுவதில் போட்டி உண்டு. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கூம்பு மாதிரி ஒரு பீங்கான் பாத்திரம், அதற்குள் வடிதாள், அதில் பதினைந்து கிராம் தூள். மூக்கு நீண்ட கெட்டிலிலிருந்து வெந்நீரை நூலாக இறக்க வேண்டும். கீழே தராசு, பக்கத்தில் கடிகாரம். நடுவர்கள் மணம், புளிப்பு, குடித்த பிறகு நாக்கில் நிற்கும் ருசி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். அதற்கு முந்தின வருஷம் கடைசிச் சுற்றுவரை போய்த் தோற்றிருந்தான். அந்த வருஷமும் விடுவதாக இல்லை.

பயிற்சி நாட்களில் முப்பது, நாற்பது கோப்பை ருசி பார்ப்பானாம். அத்தனையும் விழுங்கினால் மூன்று நாள் தூக்கம் வராது. அதனால் ஸ்பூனில் எடுத்து, சர்ரென்று சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் டம்ளரில் துப்பிவிடுவான். அந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். பல் தேய்த்துவிட்டு நுரையைத் துப்புவது நமக்கு எப்படியோ, அவனுக்கு அது அப்படி.

முப்பத்தொரு வயசு. இதற்கு முன் இரண்டு இடத்தில் "டீ மாஸ்டருக்குப் பொண்ணு குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். என்ன விளக்கினாலும் அவர்கள் காதில் ஏறவில்லை. இந்த விழுப்புரத்துப் பெண் கவிதா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் போனில் இரண்டு முறை பேசியிருந்தார்கள். "இது அமையணும்க்கா" என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். எதற்கும் வாய் திறக்காத பயல் அவன். 

காலை ஆறேகாலுக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன நேரம், வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு டியூட்டி. ஆக அம்மா, பிரபு, நான் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதே! அம்மா கேட்டைத் தாண்ட மறுத்தாள். கடைசியில் வாடகைக் கார் டிரைவர் மூர்த்தியை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டோம். அவர் திண்டிவனம் பக்கம் ஒலக்கூர்க்காரர். "நான் என்னா மொற ஆவணும்னு மட்டும் சொல்லிடுங்க, ஏதாவது ஒளறிட்டு ஒத வாங்கிக்கினு வந்துடக் கூடாது" என்றார். தூரத்து மாமா என்று முடிவானது. நாள் வாடகை டீசலோடு மூவாயிரம், மாமாவுக்குப் பேட்டா இருநூற்றைம்பது தனி.

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டி எட்டு மணிக்குத் திண்டிவனம். தாம்பரத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். இங்கேதான் இடது பக்கம் பாண்டிச்சேரி சாலையும் வலது பக்கம் செஞ்சி, திருவண்ணாமலை சாலையும் பிரிகின்றன. நெடுஞ்சாலைப் பெரிய ஓட்டல்களில் நிறுத்தாமல் ஊருக்குள் வாருங்கள் என்பது என் வழக்கமான சிபாரிசு. நாங்கள் நிறுத்தியது பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சின்னக் கடை: பொங்கல் முப்பது ரூபாய், காபி பன்னிரண்டு. மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, தனியாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

காபி மாஸ்டருக்குக் கை நிற்கவே இல்லை. "லைட்டா, மீடியமா, ஸ்ட்ராங்கா? ஜல்தியா சொல்லுங்க, பஸ்ஸு கெளம்பிடும்" என்று ஒரே மூச்சில் எட்டுப் பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். போட்டியில் பிரபு பொருட்படுத்தும் சங்கதிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இங்கே மூன்றே வகை, அதில் ஊரே அடங்கிவிடுகிறது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. "இவரு போட்டிக்கு வந்தா என்ன ஆகும்?" என்று பிரபுவைக் கேட்டேன்.

"முதல் சுற்றுலயே போயிடுவாரு. நான் இங்க நின்னா?"

"உன்ன எட்டு மணி பஸ்காரங்க அடிச்சே கொன்னுருவாங்க."

சிரித்தான். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துக் குடிதண்ணீரில் விட்டு, உப்பு எவ்வளவு என்று பார்த்தான். அறுநூற்றுச் சொச்சம் காட்டியது. இந்தத் தண்ணீரில் அவனுடைய காபி எடுபடாதாம், புளிப்பையெல்லாம் உப்பு தின்றுவிடுமாம். பிறகு மாஸ்டர் கொடுத்த காபியை ஸ்பூனில் உறிஞ்சினான், சாக்கடை ஓரமாகத் துப்பினான். ரோட்டுக் கடையில் யார் கவனிக்கப் போகிறார்கள்? மூர்த்தி மட்டும் கவனித்தார். "தம்பி, அங்க போயி இத பண்ணிடாதீங்க" என்றார். பிரபு, "சேச்சே" என்றான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வழியில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கால் மணி நேரம் போய்விட்டது. பத்து மணிக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றோம். ஜங்ஷனுக்குப் பின்பக்கம், ரயில் கூவும் சத்தம் அடிக்கடி கேட்கும் தெரு. கவிதாவின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்.

கேசரி, பஜ்ஜி வந்தது. கவிதா தட்டில் காபி கொண்டுவந்தாள். பித்தளை டபரா செட், நுரை ததும்பத் ததும்ப. பிரபுவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயலுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கேசரிக்கு வைத்திருந்த ஸ்பூனை எடுத்தான். டம்ளரில் விட்டான். கண்ணை மூடிக்கொண்டு சர்ரென்று உறிஞ்சினான். வாயில் சுழற்றினான். டபராவில் துப்பினான்.

கவிதாவின் அப்பா தன் டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்படி வாசலில் நின்ற அவள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். துப்பியது அவன், கிள்ளு எனக்கு!

"தம்பிக்கு வாயில புண்ணுங்க" என்று மூர்த்தி மாமா பாய்ந்து வந்தார். "ரெண்டு நாளா ஒரே பேஜாரு."

"அய்யய்யோ, மோரு கொண்டாரட்டுமா?" என்று கவிதாவின் அம்மா உடனே இறங்கி வந்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் தம்பிக்குப் பொய் சொல்லவும் வராது, சொன்ன பொய்யைக் காப்பாற்றவும் வராது.

"புண் இல்லீங்க. காபி ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா ஏங்க துப்புனீங்க?" என்று கேட்டது கவிதா. கோபமாக இல்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனிடம், எப்படி இந்த விடை வந்தது என்று கேட்கும் குரல்.

அவன் வேர்த்து வழிந்து விளக்கினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. கடைசியில் கவிதாவின் அப்பா, "அப்பிடி என்னா காபி தம்பி அது? சாமான் வச்சிக்கினு இருக்கீங்களா? போடுங்க பாப்போம்" என்றார். கோபத்தைவிட ஆசை அவருக்குப் பெரிதாகிவிட்டது.

காரிலிருந்து பெட்டி வந்தது. கேன் தண்ணீர், தராசு, கையால் சுற்றிக் கொட்டை அரைக்கும் மில், கூம்பு எல்லாம் கூடத்து மேஜையில் ஏறின. பிரபு வெந்நீரை நூலாக இறக்கத் தொடங்கினான். மூன்று நிமிஷத்தில் வீடே மணத்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த மணத்தை நான் எங்கேயும் முகர்ந்ததில்லை. குடித்துப் பார்த்த கவிதாவின் அப்பா, "வாசன தூக்குது தம்பி. வாயில வச்சா புளித்தண்ணியா இருக்குது" என்றார். கவிதா இரண்டு மடக்கு குடித்து, "எலுமிச்சம்பழத் தோல் வாசம் வருதுல்ல?" என்று கேட்டாள். பிரபுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஒரு தடவ போட்டா எத்தினி பேருக்கு வரும்?" என்று கேட்டார் கவிதாவின் அம்மா.

"ஒருத்தருக்குங்க."

"எங்க வூட்டுக்கு எட்டு பேரு வந்தா, எட்டாவது ஆளு கோச்சிக்கினு போயிடுவாரு." எல்லாரும் சிரித்தோம். சரி, தப்பித்தோம் என்று எனக்கு மூச்சு வந்தது.

பிரபு வடிதாளைத் தூளோடு சுருட்டி, குப்பைக்கூடை எங்கே என்று கேட்டான். கவிதாவின் அம்மா பதறிவிட்டார். "அத ஏன் போடுறீங்க? இன்னொரு வாட்டி தண்ணி ஊத்தினா ரெண்டாம் டிகாஷன் எறங்குமே!"

"அதுல ஒண்ணும் இருக்காதுங்க. நல்லதெல்லாம் முதல்லயே வந்துடும். அப்புறம் வர்றது வெறும் கசப்பு, யாரும் குடிக்க மாட்டாங்க."

"நானும் அம்மாவும் தினமும் அதத்தாங்க குடிக்கிறோம்" என்றாள் கவிதா. "முதல் டிகாஷன் அப்பாவுக்கும் வர்றவங்களுக்கும். உங்க வூட்ல ரெண்டாம் டிகாஷன யாரு குடிக்கிறாங்க?"

"எங்க வீட்ல ரெண்டாம் டிகாஷனே கிடையாதுங்க." சத்தியம் பண்ணுகிற மாதிரி சொன்னான்.

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா தரையைப் பார்த்து, "இருக்குடா" என்றாள். "நான் குடிக்கிறேன். அக்காவும் கல்யாணம் ஆவுற வரைக்கும் அதான் குடிச்சா."

எனக்குச் சுருக்கென்றது. அது ஒரு சங்கதி என்றே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இப்போது என் புகுந்த வீட்டிலும் எனக்கு அதுதான். யாரும் என்னை அப்படிக் குடிக்கச் சொன்னதில்லை, நானாகத்தான் என் டம்ளரைக் கடைசியாக எடுத்துவைக்கிறேன். ஒரு கோப்பையில் உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் பிரபு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கவிதாவின் அம்மாவிடம், "எனக்கு அந்த ரெண்டாம் டிகாஷன் காபி ஒண்ணு தர்றீங்களா?" என்றான்.

அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "மாப்ள வூட்டுக்காரங்களுக்குப் போயி அதக் குடுக்கறதா? கேள்விப்பட்டா சிரிப்பாங்க." கவிதா உள்ளே போய், தனக்கென்று கலந்துவைத்திருந்த டம்ளரை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். ஸ்பூன் வைக்கவில்லை. பிரபு டம்ளரைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அம்மா மறுத்துவிட்டாள். திரும்பும் வழியில் நான்தான் விடாமல் கேட்டேன், எப்படிடா இருந்துச்சு என்று. "தண்ணியா இருந்துச்சு. அடியில கருகின கசப்பு. அம்மா, இத எத்தன வருஷமா குடிக்கிற?" என்றான். அம்மா, "வெயில் மூஞ்சில அடிக்குது, கண்ணாடிய ஏத்து மூர்த்தி" என்றாள். 

புதன்கிழமை விழுப்புரத்திலிருந்து போன் வந்தது, சம்மதம் என்று. கவிதா பிறகு என்னிடம் சொன்னாள்: "துப்புனது எனக்குப் பெருசா படலங்க அண்ணி. தெரியாதத தெரியாதுன்னு ஒத்துக்கினு குடிச்சாரு பாருங்க, அதான்." அந்த வருஷப் போட்டியில் பிரபு மறுபடி தோற்றான். அது வேறு கதை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடுங்கள், பிறகு நெரிசல். திண்டிவனத்தில் மீடியம் கேளுங்கள், அவர்களுடைய ஸ்ட்ராங் நம் ஆட்களுக்குத் தாங்காது. கூம்பும் தராசும் கொண்டுபோகிறவர்கள் கேன் தண்ணீரையும் கொண்டுபோங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அவற்றைக் காரிலேயே பூட்டிவையுங்கள். எது நல்ல காபி என்று இன்னும் சிலர் கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் கடைசி டம்ளர் யாருடையது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

பெண் பார்த்து வந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, அம்மா வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி பிரபுவுக்குப் பெங்களூர் ரயில். விடிந்ததும் அவனே அடுப்படிக்குள் போய், முதல் டிகாஷனில் கலந்து அம்மாவிடம் கொடுத்தான். இரண்டு வாய் குடித்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள். "இவ்ளோ கெட்டியா எனக்கு ஒத்துக்கலடா. நெஞ்சு படபடங்குது." அவன் விடவில்லை. டம்ளரை வாங்கி வெந்நீர் கொஞ்சம் விட்டான், பால் கொஞ்சம் விட்டான், ஒவ்வொரு தடவையும் தானும் ஒரு வாய் விழுங்கிப் பார்த்தான். தராசு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நாலாவது தடவை அம்மா குடித்துக்கொண்டே இருந்தாள். டம்ளரைக் காலி செய்து கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்கு. ராத்திரி நீ போயிடுவே. இத எனக்கு யாருடா போட்டுத் தருவா?"