குப்பாயிக்கு மட்டும் வெள்ளைத் திரை

குப்பாயியை வேலையிலிருந்து நிறுத்தப் பேச்சு நடந்த அன்றுதான் கௌசிக் அவரை முதலில் பார்த்தான். எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்கு முட்டைக் கணக்கு ஆப் எழுதியவன் அவன். பொங்கலுக்காக எல்லோர் திரையிலும் மஞ்சளும் பொங்கும் பானையும் வைத்திருந்தான். திரை மாறிய நாளிலிருந்து, அங்கே முட்டை பொறுக்கும் குப்பாயி கணக்கே ஏற்றவில்லை.

"அந்தம்மாவுக்குப் போனே வராதுங்க, ஆளை மாத்தீரலாம்," என்றார் முதலாளி.

கௌசிக் குப்பாயியிடமே காரணம் கேட்டான்.

"பையன் போயி நாலு மாசம் சாமி. எங்கூட்ல இந்த வருசம் பொங்க நோம்பி இல்லீங்க. தொறந்தாப் பானை பொங்குது. தொடக் கை வரலீங்க."

துக்க வீட்டில் பொங்கல் வைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியாததா? கூண்டோரமே லேப்டாப்பை விரித்து, அவர் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரை வரும்படி மாற்றினான். குப்பாயி விடுபட்ட கணக்கை ஏற்றினார்.

இப்போதும் அதே பண்ணையில்தான் இருக்கிறார். வருடம் கழிந்து வந்த இந்தத் தைக்கும் வெள்ளைத் திரையே போதும் என்றுவிட்டார்.