யாரும் வராத கிளினிக்

எங்கள் கிளினிக்கின் விசேஷம், அங்கே வருகிறவர்கள் யாரும் அங்கே வந்ததில்லை என்பதுதான். மட்டக்களப்பில் பாலியல் நோய்களுக்கான சிகிச்சை நிலையமொன்றில் தாதியாக இருக்கிறேன். மலக்குழி இறைக்கிறவர்கள், மூல வருத்தத்துக்கு மருந்து கொடுக்கிறவர்கள், பேன் மருந்து விற்கிறவர்கள் எல்லோருக்கும் என் நிலைமை விளங்கும். உதவி கேட்டு வரும்போது நாம் தெய்வம். கல்யாண வீட்டில் கண்டால் நம்மை முன்பின் தெரியாது.

பெயர்களையும் ஊர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆகவே செட்டிபாளையத்தார் கோபிக்க வேண்டாம். பக்கத்து ஊர்க் குருக்கள்மடத்தார் சந்தோஷப்படவும் வேண்டாம்.

கண்ணுக்குப் போகிற வழி

புளியந்தீவில் கடை வைத்திருக்கும் தனியாள் ஒருவர் வந்தார். சிறுநீர் கழிக்கும்போது எரிவு. அதைச் சூடு என்று நினைத்து, ஒரு தோப்புச் செவ்விளநீரைக் குடித்து முடித்திருந்தார். வரும் வழியிலும் ஒன்று குடித்து, வாசலிலேயே சிறுநீரும் கழித்துவிட்டு வந்ததால், பரிசோதிக்க எதுவும் மிச்சமில்லை. பரிசோதனைக்கு முன் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு வரவேண்டும் என்று பாடம் எடுத்து அனுப்பினேன். அடுத்த முறை ஒழுங்காக வந்தார். கொனோரியா என்று தெரிந்தது; ஊசி போட்டோம்.

ஒவ்வொரு முறையும் அவர் பைக்கைக் கண் கிளினிக் வாசலில் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி எங்களிடம் வருவார். ஒருநாள் அந்த வாசலில் அவருடைய அக்காவின் புருஷன் நின்றிருக்கிறார். கண்ணில் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கிறார் இவர். இவருக்குச் சாப்பாடு அக்கா வீட்டில். கடைசியாக வந்தபோது சொன்னார்:

"மிஸ்ஸி, நீங்க பாத்த வருத்தம் மாறிட்டு. அக்கா மூண்டு நேரமும் பொன்னாங்காணிச் சுண்டல் தாறா, அதை நிப்பாட்ட ஒரு மருந்து இருக்கா?"

இரண்டு பேருக்கான ஊசி

சுகந்திக்கு முதல் பிள்ளை. செட்டிபாளையம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுக்கிற இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் இருக்கலாம் என்று வந்ததால் குடும்பநல மாது எங்களிடம் அனுப்பியிருந்தார். கர்ப்ப காலத்தில் அந்தச் சோதனை சிலவேளை வீணாகவும் பயமுறுத்தும் என்பதால் இன்னொரு சோதனை செய்தோம். அதுவும் ஆம் என்றது. கூட வந்த தாயிடம் "ரத்தம் குறைவாம்" என்று சொல்லி, வெளியே எங்கள் போர்டுக்கு எதிரே, வேப்பமரத்தடி வாங்கில் இருத்திவிட்டு உள்ளே வந்தாள் சுகந்தி.

"எனக்கு ஒரு நோவும் இல்லையே, மிஸ்ஸி?" என்றாள்.

நோவில்லாமல் இருப்பதுதான் அதன் கெட்டித்தனம். கிருமி என்று சொன்னால் போதும் என்பார் டொக்டர். பற்றீரியா என்றும், அதுவும் சுருள் வடிவானது என்றும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எல்லாம் சொன்னேன். மருந்து செய்யாமல் விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் அது போகும். பிள்ளையை இழக்கவும் நேரும். பெனிசிலின் ஊசி போட்டால் தாயும் பிள்ளையும் தப்பலாம். வியாழன்தோறும் ஒன்றாக மூன்று முறை. ஆனால் புருஷனும் வந்து போட வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் துரத்துவதை அவர் திரும்பக் கூட்டிவருவார்.

அங்கேதான் அவள் அழுதாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் வந்து இருப்பான். அவள் புருஷன் மோகன் இருப்பதும் மாமியாரின் வளவில். விஷயம் தெரிந்தால் அம்மா அவனைப் படலைக்கு வெளியே விட்டுவிடுவா என்று பயந்தாள். அவனோ இந்தப் பக்கமே வரமாட்டேன் என்பான். முதல் ஊசிக்குக் குப்புறப் படுத்தால் வயிறு நசியும் என்று பக்கவாட்டில் படுக்கவைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவர்ட ஊசியையும் சேத்து எனக்கே போடுங்களன், மிஸ்ஸி. நான் தாங்குவன்."

ஹெல்மெட்

அடுத்த வியாழன் தாய் வரவில்லை. முழங்கால் வருத்தமாம். அதனால் சுகந்தியை ஏற்றிவரும் வேலை மோகனிடம் விழுந்திருந்தது. விறாந்தையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.

"தம்பி, இங்க கூரை இருக்கு" என்றேன்.

"நான் இவவை ஏத்திக்கொண்டு வந்தனான், அவ்வளவுதான்."

அவனோடு வாதாடவில்லை. சுகந்தியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, போன கிழமை அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே போனது. பிறகு ஹெல்மெட்டே கழன்றது.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் கட்டட வேலை செய்த காலத்தில் ஒரு புண் வந்ததாம். நோகவில்லையாம். எண்ணெய் பூசினானாம். "அது தானா மாறிட்டு மிஸ்ஸி" என்றான். மாறவில்லை, மறைந்தது என்று திருத்தினேன். அவன் கேட்டது வேறு: "பிள்ளைக்கு ஒண்டும் வராதே?" பிந்தவில்லை, இருவரும் மூன்று ஊசியையும் முடித்தால் நம்பலாம், அதுவரை தள்ளிப் படுங்கள் என்றேன்.

இரத்தம் எடுத்தோம். முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஊசி எழுதினார் டொக்டர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டு, பின்புறம் இரண்டு பக்கமும் போட்டு, அரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்து இருக்கச் சொன்னேன். இருக்கத்தான் முடியவில்லை அவனால்.

"மிஸ்ஸி, செட்டிபாளையம் மட்டும் பைக்கை நின்டுகொண்டு ஓடினா பொலிஸ் பிடிக்குமா?"

முழங்கால் வருத்தம்

ஒரு வியாழனும் தவறாமல் மோகன் வந்தான். சுகந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குழந்தையின் இரத்தத்தையும் சோதித்து, பயமில்லை என்றார் டொக்டர். எனக்குப் பழைய பெனிசிலினைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பிறகொருநாள் சுகந்தி இரத்தம் சோதிக்க வந்தபோது, தாயும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தா. சுகந்தி உள்ளே போனதும் என்னிடம் வந்து நின்றா. பொய் சொன்னால் எனக்கு நாக்குத் தடிக்கும். உண்மை சொல்ல உரிமை இல்லை. "மகளுக்கு இது ரத்தம் சம்பந்தமான ஒரு விஷயம், அம்மா" என்று தொடங்கினேன். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அந்த அம்மா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினா:

"மனே, எனக்கு வாசிக்கத் தெரியும். முதல் நாள் ரெண்டு மணித்தியாலம் உங்கட போர்டைப் பாத்துக்கொண்டுதானே இருந்தன். என்ட முழங்காலுக்கு ஒரு வருத்தமும் இல்ல. வியாழக்கிழமையில மருமகன் இருக்க ஏலாம நின்டு சாப்பிடக்குள்ள கதிரையில தலகாணி வெச்சுக் குடுத்தன். வேற ஒண்டும் எனக்குத் தெரியா."

எங்கள் கிளினிக்குக்கு வராத இவர்கள் எல்லோருக்கும், ஒன்றுமே தெரியாத அந்த அம்மாவுக்கும், பெயர் சொல்லாமலே என் நன்றி.