புகை வந்த தெரு

என் கல்யாணச் செலவுக்குத் திட்டம் போட்டது நான்தான். கல்யாணப் பெண் அதில் தலையிடக் கூடாது என்பார்கள். வேறு யார் போடுவது? எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அம்மா, அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பாவை யாராவது "பெரிய மனுசன்" என்று சொல்லிவிட்டால் போதும், இடுப்பு வேட்டியையும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவார்.

1991, தை மாதம். பிள்ளைப்பாக்கத்திலிருந்து இருட்டிலேயே பஸ் ஏறி, தாம்பரம் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். சீட்டு கட்டிச் சேர்த்த பணம் இருந்தது. சம்பா நெல் விற்ற பணமும் இருந்தது. நகையும் துணியும் போக மிச்சத்தில் பந்தலும் சாப்பாடும். சாப்பாடு மட்டும் கைமீறாமல் இருந்தால் சரியாகிவிடும்.

கைமீறினால் ஏரிக்கரை நிலம் போகும். எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். பென்னலூர் ரைஸ் மில்காரர் அதற்காகவே எங்கள் வீட்டுப் பக்கம் அடிக்கடி வந்தார். "பொண்ணு கல்யாணம், தயங்காம கேளுங்க" என்பார். கடன் கேட்டால் மறுநாளே நிலம் அவர் பேருக்குக் கிரயம்தான். நான் தைக்கிற சம்பளம் இனி மாமியார் வீட்டுக்கு. நிலமும் போனால் இவர்கள் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவார்கள்?

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதில் இரண்டு விதம். "வூட்டுக்கு ஒருத்தர் வந்துடுங்க" என்பது ஒன்று. "அன்னைக்கு அடுப்பு மூட்டாதீங்க" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லிவிட்டால் கைக்குழந்தை வரைக்கும் காலையும் மதியமும் நம் பந்தலில்தான் சாப்பாடு. சொன்ன பிறகு அந்த வீட்டுக் கூரையில் புகை தெரிந்தால் அழைத்தவனுக்கு அசிங்கம்.

பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பியபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "வூட்டுக்கு ஒருத்தர். வேற எதுவும் வாயத் தொறக்காத."

"தெரியும்டி. நீ எனக்கு சூப்பர்வைசரா?"

நலங்கு வைத்த அன்று சாயங்காலம் சமையல்காரர் வந்தார். அரிசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத வெச்சிக்கினு பாதித் தெருவுக்குத்தான் போட முடியும்."

"வூட்டுக்கு ஒருத்தர்தானே?"

"யாரு சொன்னது? என் மச்சான் வூடு உங்க தெருவுலதான் கீது. அடுப்பு மூட்ட வேணாம்னு உங்கப்பா சொன்னாராமே. அவன் பொண்டாட்டி இப்பவே விறகு வாங்குறத நிறுத்திட்டா."

அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரே பொண்ணு. முத வூட்ல சொல்லிட்டேன். அடுத்த வூட்ல கொறைச்சி எப்படிச் சொல்றது?"

"இப்ப அரிசிக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பென்னலூருக்குப் போகும்போதுதான் அவர் துண்டு போடுவார்.

எழுந்து வெளியே வந்தேன். முகத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது.

"நலங்கு வெச்ச பொண்ணு படி தாண்டக் கூடாதுடி!" அம்மா புடவையைப் பிடித்தாள்.

"கிரயப் பத்திரத்துல கைநாட்டு வெச்சா மட்டும் நல்லதா?"

வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான். "எங்கப்பா தப்பா சொல்லிட்டாரு. எங்களால முடியல. வூட்டுக்கு ஒருத்தர் வாங்க. அடுப்பு மூட்டிக்கோங்க."

முதல் வீட்டுப் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "கூப்ட்டதத் திருப்பி வாங்கறியா? நாளைக்கு மாப்பிள்ளையையும் பாதிதான் கட்டிக்குவியா?"

"முழுசாத்தான் கட்டிக்குவேன். சோறுதான் பாதி."

எதிர் வீட்டு மாமா பீடியை அணைத்தார். "கம்பெனிக்குப் போற பொண்ணுங்களுக்கே வாய் ஜாஸ்தி. உங்கப்பனுக்கு மானம் இருக்குதுமா."

"மானத்த ஒலையில போட முடியாது மாமா."

பேசிப் பேசித் தொண்டை வற்றியது. தெருக்கோடியில் ஒரு அத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "குடிச்சிட்டுப் போ, மஞ்சள் உதிருது" என்றாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை. இன்னும் ஒரு வரிசை வீடு பாக்கி இருந்தது.

திரும்பி வந்தபோது அப்பா கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். துண்டு முகத்தின் மேல் கிடந்தது. பென்னலூருக்குப் போகவில்லை.

கல்யாணத்தன்று காலை மணையில் உட்கார வைக்க என்னைப் பந்தலுக்கு அழைத்துவந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் ஒரு கூரை பாக்கியில்லாமல் புகை. கோபத்தில் மூட்டினார்களா, எங்கள் நிலைமை புரிந்து மூட்டினார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். சிலர் வரவே இல்லை. பெரியம்மா வந்து, சாப்பிடாமல் அட்சதை மட்டும் போட்டுவிட்டுப் போனாள். சோறு மிஞ்சியது.

அப்பா அன்றைக்கு ஒரு பருக்கை தொடவில்லை. நான் கிளம்பும்போது கிட்டே வந்து சொன்னார். "என் பொண்ணு கல்யாணத்துல தெருவுல புகை வந்துச்சு."

"நெலம் கீது இல்ல?" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள் போனார். என் மேல் தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

மறுவீட்டுக்கு வந்தபோது அப்பா வீட்டில் இல்லை. மருமகன் வருகிற நாளில் எங்கே போனார் என்று என் கணவர் கேட்டார். அம்மா ஏரிப்பக்கம் கை காட்டினாள். நான் கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நவரைப் பட்ட நடவுக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். சேறு முழங்கால் வரை இருந்தது.

சட்டியை வரப்பில் வைத்தேன். அவர் நிமிரவில்லை.

"அந்தாண்ட தள்ளி வெய்யி, தண்ணி வருது" என்றார்.

தள்ளி வைத்தேன். மடை திறந்திருந்தது. தண்ணீர் எங்கள் நிலத்துக்குள்தான் வந்துகொண்டிருந்தது.