விபூதி போட்டுத் தேய்த்த ராணி

என் பதினோரு வெள்ளி நாணயங்களையும் நாத்தனார் விபூதி போட்டுத் தேய்த்துவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு வந்தவர், பூஜை சாமான்களோடு நிற்காமல் பீரோவிலிருந்த என் டப்பாவையும் எடுத்துவிட்டார். வெள்ளி கருத்துக் கிடந்தால் நம் வீடுகளில் விபூதிதான். அவர் மேல் தப்பில்லை என்று இன்று சொல்கிறேன். அன்று சொல்லியிருக்க மாட்டேன்.

பழைய நாணயத்தின் கருப்பு அழுக்கு இல்லை, வயசு. அதைத் தேய்த்துவிட்டால் சேகரிக்கிறவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் நான் டிபன் கடை வைத்திருக்கிறேன். அங்கே தினமும் சாப்பிட்ட ஆஸ்திரியாக்கார அம்மா ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது கையில் வைத்துவிட்டுப் போனதுதான் முதல் நாணயம். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, மறுபக்கம் கழுத்துப் பெருத்த ராணி. அப்புறம் டச்சு, பிரெஞ்சு, ஸ்பெயின் என்று ஒவ்வொன்றாக என் சம்பாத்தியத்தில் வாங்கினேன். இட்லி விற்கிறவளுக்கு எதற்கு இது என்று கேட்பார்கள். ஆசை, அவ்வளவுதான்.

கருப்பாக இருந்தவரை வீட்டில் யாரும் அவற்றைச் சீந்தவில்லை. பளபளத்ததும் எல்லோருக்கும் கண் திறந்தது. மகளுக்குத் தையில் கல்யாணம். உருக்கிக் கொலுசு செய்துவிடலாம் என்று அக்காவும் தம்பியுமாக நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் முடிவே செய்துவிட்டார்கள். உருக்கினால் பாழ் என்று காட்டத்தான் சென்னையில் நாணயம் வாங்குகிறவருக்குப் படம் அனுப்பினேன். தேய்த்ததை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அது போதும்.

“அதான் மதிப்பே போயிடுச்சே. இன்னும் எதுக்கு வச்சிக்கினு இருக்கே?”

“நான் எப்பங்க விக்கறேன்னு சொன்னேன்?”

அவர் காதில் வாங்கவில்லை. தேரடி வீதி வெள்ளிக் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். டப்பா நாத்தனார் மடியில் இருந்தது. கடைக்காரர் தராசை எடுத்து வைத்தார். நான் குனிந்து, என் கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் போட்ட கொலுசு இரண்டையும் கழற்றித் தட்டில் வைத்தேன். நல்ல கெட்டிக் கொலுசு, உருக்கினால் மகளுக்குப் போதும்.

வெறுங்காலோடு கல்யாணத்தில் நின்றால் ஜனங்கள் என்ன பேசுவார்கள் என்று நாத்தனார் பதறினார்.

“பேசட்டும் அண்ணி. அந்த டப்பாவைத் தொறந்தீங்கன்னா மெட்டியையும் கழட்டி இதே தட்டுல வைப்பேன்.”

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் டப்பாவை என் மடிக்கு நகர்த்தினார்.

மகள் காலில் புதுக் கொலுசு. நான் வெறுங்காலோடுதான் பந்தலில் நின்றேன். கேட்டவர்களுக்கெல்லாம், கொலுசுக்குப் பதில் ஒரு ராணி இருக்கிறாள், வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

இந்தத் தீபத்துக்கும் நாத்தனார் வந்தார். விளக்குகளை எல்லாம் தேய்த்து வைத்தார். ராணியின் மூக்கோரம் திரும்பக் கருக்க ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னேன். பீரோப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.