மூடியில் வேர்த்த நீர்

கிகுனோ என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது எங்கள் வீட்டு வாசலெல்லாம் மீன் குடல். அம்மா பனியில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா தொமே வந்து நின்று, "நம்ம செய்கிச்சிக்கு முடிச்சாச்சு. பொண்ணு பேரு கிகுனோ" என்றாள்.

"குணம் எப்படியாம்?" என்று அம்மா கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "பேய்க்கதை படிக்குமாம்."

அம்மாவின் கத்தி நின்றது.

தொமே பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, ஒரே மகன் செய்கிச்சி அண்ணனோடு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். கிகுனோ உள்நாட்டுக்காரி. காட்டில் கரி சுடுகிறவரின் மூன்றாவது தாரத்துப் பிள்ளை. நெமுரோ பட்டணத்தில் ஒரு சத்திரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சத்திரத்துக்கு எதிரே வாடகைப் புத்தகக் கடை. கையில் வரும் சில்லறையெல்லாம் அந்தக் கடைக்குத்தான் போகும் என்று பெண் பார்க்கப் போனவர்கள் சொன்னார்கள். பெரியம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. இடுப்பு அகலமாக இருக்கிறது, தண்ணீர் சுமக்கும் என்றாள்.

ஷிராதொய் முனையில் கோடைக்காலம் என்றால் பனிமூட்டம்தான். கூழாங்கல் கரையில் கொன்புக் கடற்பாசியை விரித்துப்போட்டு, வெயில் எப்போது வரும் என்று பெண்கள் காத்திருப்போம். கை சும்மா இருக்கும், வாய் இருக்காது. கிகுனோ அண்ணி வந்த முதல் கோடையிலேயே, "ஏதாச்சும் சொல்லு, காட்டுக்காரி" என்று ஹாத்சு அவளைச் சீண்டினாள். ஹாத்சுவின் புருஷன் படகில் இயந்திரம் பார்ப்பவர். அவள் நாக்கு அந்த இயந்திரத்தைவிடச் சத்தம்.

அண்ணி ஒரு கதை சொன்னாள். ஒரு வீடு. எல்லோரும் படுத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் வாசல் கல்லில் ஒரு ஜோடி மரச்செருப்பு கூடுதலாக இருக்கிறது. ஈரமாக. முனை வீட்டைப் பார்த்து.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பேய் எங்கடி?"

"அத நான் ஏன் சொல்லணும்? போய் உங்க வீட்டு வாசல்ல எத்தன செருப்பு கெடக்குன்னு பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது நான் எண்ணினேன். மறுநாள் கேட்டால் எல்லோருமே எண்ணியிருந்தார்கள். "எங்க வீட்டுல ஒரு ஜோடி கொறையுதுடி. உன் பேய் திருடிட்டுப் போயிருச்சு" என்று ஹாத்சு சொன்னாள். அன்றிலிருந்து வெயில் வராத நாளெல்லாம் அவளைச் சுற்றித்தான் உட்காருவோம். ஆளே வராத கதைகள். நகர்ந்திருக்கும் கிண்ணம், காலியான அறையில் சூடாக இருக்கும் மெத்தை, இவ்வளவுதான் இருக்கும் அவற்றில்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் அண்ணி, ஒரு தடவையாச்சும் பேயக் காட்டினா என்ன?"

"வந்துட்டா பயம் போயிரும், சயோ. இடத்த மட்டும் ஒழிச்சு வெக்கணும்."

மீனவர் சங்கத்தில் ஓய்கவா என்று ஒருவர் இருந்தார். மாதம் ஒரு தாள் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். காற்று, மீன் விலை, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, இவைதான் அதில் வரும். அவர் காதுக்கு விஷயம் போய், அண்ணியின் கதைகள் அந்தத் தாளில் வர ஆரம்பித்தன. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். செய்கிச்சி அண்ணன் உரக்கப் படிப்பான், நாங்கள் கேட்போம். கதவில் தலை இடிக்கிற உயரம் அவன். ஆனால் கதை படித்த அன்று கொல்லைப்பக்கம் போகும்போது கை விளக்கைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடுவான். "பொண்டாட்டிக்குப் பயப்படுறவனப் பாத்திருக்கேன், பொண்டாட்டி கதைக்குப் பயப்படுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்பாள் பெரியம்மா. அவன் வெட்கப்படமாட்டான். "நல்லா இருக்குதுல்ல?" என்று எங்களைத்தான் கேட்பான்.

வசந்தத்தில் ட்ரௌட் மீன் படகுகள் வடக்கே போகும். ஆள் போன வீட்டில் நிழல்தட்டு வைப்போம். போனவன் உட்காரும் இடத்தில், அவன் கிண்ணத்தில் சோறு, மூடி போட்ட கிண்ணத்தில் சோயா விழுது கரைத்த மிசோ சூப். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்து பார்ப்போம். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அவன் நலம். காய்ந்திருந்தால் கெட்டது. பெரியப்பாவுக்குப் பெரியம்மா வைத்தாள், என் அப்பாவுக்கு அம்மா வைத்தாள்.

கொதிக்கிற சூப்பை மூடினால் மூடி வேர்க்கத்தான் செய்யும். அது எங்களில் எவளுக்கும் தெரியாததல்ல. எவளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வருஷம் செய்கிச்சி அண்ணனும் ஹாத்சுவின் புருஷனும் ஏறிய கின்யோ மாரு படகு கிளம்பிய பிறகு, அண்ணி ஒரு தொடர் எழுதினாள். கடலுக்குப் போனவனுக்கு ஒருத்தி நிழல்தட்டு வைக்கிறாள். தினமும் மூடியில் நீர். முதல் பகுதி அவ்வளவுதான். எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டாம் பகுதியில் அவளுக்குச் சந்தேகம் வருகிறது. இது சூட்டினால்தானே வேர்க்கிறது என்று, ஒருநாள் ஆறிய சூப்பை ஊற்றி மூடுகிறாள். திறந்து பார்க்கிறாள். மூடி நனைந்திருக்கிறது. தொடரும்.

கரை ஒதுங்கிய பாசி பொறுக்கும்போது, முடிவைச் சொல்லச் சொல்லி நான் நச்சரித்தேன்.

"உயிரோட இருக்கிறவன் படகுல சாப்பிடுவான், சயோ. பசியோட வீடு தேடி வர்றவன் யாரு? வேற எங்கயும் சோறு கெடைக்காதவன். ஆறின கிண்ணத்து மூடியில இருக்கறது அவன் மூச்சு."

எனக்கு முதுகு சில்லிட்டது. சந்தோஷமாக இருந்தது. அப்படிப்பட்ட சந்தோஷம் அது, கேட்டு அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தாள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரமே கின்யோ மாருவின் ரேடியோ நின்றுபோனது. பனிமூட்டத்தில் இருக்கிறோம் என்று கடைசியாகச் சொன்னார்களாம். மற்றப் படகுகள் தேடின. சங்கத்து ரேடியோ அறை வாசலில் நாங்கள் குவிந்து நின்றோம். உள்ளே இரைச்சல்தான் கேட்டது.

ஆள் போன வீடுகளில் நிழல்தட்டு நிற்கவில்லை. ஆனால் சூடாக ஊற்ற ஒருத்திக்கும் மனம் வரவில்லை. அதுதான் தாளிலேயே வந்துவிட்டதே. சூடாக ஊற்றினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது, ஆறியதை ஊற்றினால்தான் உண்மை தெரியும் என்று ஒவ்வொரு வீடாக ஆறிய சூப்புக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு மூடியும் காய்ந்து கிடந்தது.

ஹாத்சு ஒரு காலையில் தலைகூட வாராமல் அண்ணியின் முன்னால் வந்து நின்றாள். "நல்லா எழுதின. இத்தன வருஷம் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மூடி. அதையும் புடுங்கிட்ட. எம் புருஷனக் கொன்னது கடலா, நீயா?"

அண்ணி மட்டும் அதுவரை சூடாகவே ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரியம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கிகுனோ, நாமளும் ஆறினத ஊத்துவோம்."

"வேண்டாம் அத்தை."

"ஏன் வேண்டாம்?"

"சும்மா வேண்டாம்."

"எம் புள்ளைடி அவன். ஊத்து."

நானும் அங்கே இருந்தேன். முந்தின நாள் சூப்பை, கல்போலக் குளிர்ந்திருந்ததை, அண்ணி அவன் கிண்ணத்தில் ஊற்றினாள். மூடி வைத்தாள். கேத்தலில் நீர் கொதிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா திறந்தாள்.

மூடியின் உள்பக்கமெல்லாம் நீர். ஒரு சொட்டு வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது.

"இருக்கான்! எம் புள்ள இருக்கான்!" என்று மூடியோடு தெருவுக்கு ஓடினாள். வெளியே பனிமூட்டம். "இந்தப் பனியில தூக்கிட்டு வந்தா எங்க வீட்டு மூடியுந்தான் நனையும்" என்று ஹாத்சு வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். பிறகு வீட்டுக்குள் வந்து பார்த்தாள். தட்டின் மேல் எஞ்சியிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

"மரக்கிண்ணம், உறிஞ்சியிருக்கும்" என்றாள் ஹாத்சு. அரக்கு பூசிய கிண்ணம் உறிஞ்சாது என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணி, நீங்க சொன்ன அந்த முடிவு..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு, சயோ."

அதற்குப்பிறகு தினமும் காலையில் பெண்கள் அந்த வீட்டு மூடியைப் பார்க்க வந்தார்கள். தினமும் ஆறிய சூப், தினமும் நனைந்த மூடி. செய்கிச்சி இருக்கிறான் என்றால் படகு இருக்கிறது, படகு இருந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். அப்படியானால் எங்கள் மூடி ஏன் காய்ந்திருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். பெரியம்மா மகனின் பஞ்சு மேலங்கியைப் பிரித்துத் தோய்த்துப் புதிதாகத் தைத்தாள். அண்ணி அவனுடைய இடத்துக்கு எதிரே உட்காருவதை விட்டாள். உண்ணும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உண்டாள்.

அடுத்த தாளுக்கு நாள் நெருங்கியது. ஓய்கவா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "கதைய இத்தோட விட்டுரலாம்மா. ஊரு தாங்காது."

"விட்டா எப்படி? உசுரோட வந்து சேந்தான்னு எழுதச் சொல்லுங்க அண்ணே. இவ எழுதினா நடக்குது" என்றாள் ஹாத்சு.

பெரியம்மா மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன நெனச்சு ஆரம்பிச்சியோ அத எழுது. முடிவு எனக்குத் தெரியணும்."

அந்த முடிவு எனக்குத் தெரியும். அதை எழுதினால் பெரியம்மாவின் கையில் இருந்த ஒரே மகனை மருமகளே பிடுங்குவதாகும். வேறு எதையாவது எழுதினால், அந்த மூடிக்கு அடியில் மூச்சு விடுவது எதுவோ, அதற்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்வதாகும். அண்ணி ஒரு பகல் முழுவதும் சமையல்கட்டுத் தரையில் குனிந்து எழுதினாள். எழுதி முடித்து, ஓய்கவாவைக் கூப்பிட்டனுப்பினாள். அச்சுக்குப் போகும் முன் வீட்டில் படிக்க வேண்டும் என்றாள்.

ஆள் போன வீட்டுப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். செய்கிச்சியின் இடத்தை மட்டும் விட்டு உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்தார்கள். ஓய்கவா படித்தார்.

கதையில் வருகிறவள் ஆறிய கிண்ணத்தைத் திறந்து, நனைந்த மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் என்று கேட்க வாய் வரை வருகிறது. கேட்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அடுப்பை மூட்டுகிறாள். சூப் கொதிக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி போட்டு, அதே இடத்தில் வைக்கிறாள். "ஆறினத வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்கிறாள். மூடி வேர்க்கிறது. அது சூட்டினாலா, வேறெதனாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவளும் சொல்லப்போவதில்லை. எதிரே உட்கார்ந்து தன் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான்.

ஓய்கவா தாளை மடித்தார். பெரியம்மா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பெரியம்மாவின் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கிப் போவதை நான் பார்த்தேன்.

"குளுந்துபோய் வந்திருப்பான். இத்தன நாளும் பச்சத்தண்ணிய ஊத்தியிருக்கோம்" என்றாள். "சூடா ஊத்து, கிகுனோ."

ஹாத்சு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். அன்று மாலை பனிமூட்டத்துக்கு மேலே ஆள் போன வீடுகளிலிருந்தெல்லாம் புகை எழும்பியது. ஒரு மூடியும் காய்ந்திருக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கின்யோ மாரு என்று எழுதிய பலகை ஒன்று குரில் தீவுகளின் பக்கம் கிடைத்ததாகச் சேதி வந்தது. கடலில் போனவர்களுக்குக் கல் நட்டபோது செய்கிச்சியின் பெயரைச் செதுக்கப் பெரியம்மா ஒத்துக்கொண்டாள். நிழல்தட்டை மட்டும் நிறுத்தவிடவில்லை. செத்தவனுக்கு அது வைப்பதில்லை, அதற்குச் சாமி மாடம் இருக்கிறது என்று கோயில்காரர் வந்து சொல்லிப் பார்த்தார். "மாடத்துல செத்தவனுக்கு வெக்கிறேன். இது வர்றவனுக்கு" என்று பெரியம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினாள். சாகும் வரை அப்படித்தான்.

அண்ணி அதற்குப் பிறகும் எழுதினாள். ஓய்கவா காலமாகித் தாள் நிற்கும் வரை எழுதினாள். கரையில் சொல்லவும் செய்தாள். ஹாத்சுதான் முதல் ஆளாக முன்னால் வந்து உட்காருவாள். ஆனால் சாப்பாடு வருகிற கதை ஒன்றுகூட அண்ணி மறுபடி சொல்லவில்லை. மறுகல்யாணத்துக்கு ஆள் வந்தது. "இடம் இல்ல" என்றாள்.

நான் இப்போதும் வாரம் ஒரு முறை போகிறேன். உள்ளே போகும்போது வாசல் கல்லைப் பார்க்காமல் காலைத் தூக்கி வைத்துப் போகிறேன். கிகுனோ அண்ணி ஷிராதொய் முனையில் அதே வீட்டில் இருக்கிறாள். காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது. காலையிலும் மாலையிலும் அடுப்புக்குப் பக்கத்தில், செய்கிச்சியின் இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.