பிலோமினா கேட்ட ஒரு வருடம்

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் பிலோமினாவின் பெயர். "சொல்லுமே, இந்த வாரம் எங்க?" என்றேன். மறுமுனையில் பேசியது அவள் மகன் ஜெரால்டு.

"ஆன்ட்டி, நான்தான். அம்மா காலையில எழுந்திருக்கல ஆன்ட்டி."

தூக்கத்திலேயே மாரடைப்பு வந்திருக்கிறது. கீரைக்காரம்மா கட்டை நீட்டியபடி நின்றார். அதை வாங்கினேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. பாடியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

பிலோவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய எக்ஸ்போர்ட் கம்பெனித் தோழிகளுக்கு அவள் சூப்பர்வைசர் அக்கா. மாதா கோயில் பங்கில் பலருக்கு, திருவிழா மேடையில் தையல் மிஷினோடு ஏறிய பெண்மணி. எனக்கு அவள் சிநேகிதி.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர். நான் தைத்த சட்டைகளைப் பரிசோதிக்கும் மேசையில் இருந்தேன். அத்தனை மிஷின்களும் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது, கை ஜாடைதான். உள்ளங்கையைத் தரைக்கு நேராக வைத்து அவள் முன்னால் தள்ளினால் 'நிறுத்தாதே, ஓடட்டும்' என்று பொருள். அப்படியே பல வருடங்கள் ஓடின. பிறகு கம்பெனி வேறு ஊருக்குப் போனது. எங்கள் வயதில் யாரும் கூடப் போகவில்லை.

வேலை போன ஒரு மாதத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லமே. ஊட்ல சத்தமே இல்ல. ஜெரால்டும் ஷீபாவும் வேலைக்குப் போய்ட்டா, ஃபிரிட்ஜ் ஓடறதக் கேட்டுகினு குந்தினு கீறேன். காது பசிக்குது."

காது பசிக்கிறது என்று அதற்கு முன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றே முடிவு செய்தாள். ஒரு வருடம், எங்கெல்லாம் மனிதர்கள் நேரில் உட்கார்ந்து வாசிக்கிறார்களோ அங்கெல்லாம் போய்க் கேட்பது. டிவி கூடாது, போன் கூடாது. "நீயும் வர்ற" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அது மார்கழி. முதலில் மயிலாப்பூரில் ஒரு சபாவின் மதியக் கச்சேரிக்குப் போனோம். மதியக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. பாடிய பெண் நன்றாகவே பாடினாள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தது. பிலோவுக்குப் புரியவில்லை. "இன்னாமே இது, அந்தாளு இப்பத்தான வாசிக்க ஆரம்பிச்சாரு?" என்று உரக்கவே கேட்டுவிட்டாள். மிஷின்களுக்கு மேல் பேசிப் பழகிய குரல். முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. மேடையில் மிருதங்கக்காரர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வாசித்தார். திரும்பி வரும் ரயிலில் அவள் சொன்னாள்: "பந்தியில பாதி இலையில எழுந்துட்டா சமைச்சவனுக்கு எப்பிடி இருக்கும்? புடிக்கலைன்னாலும் முழுசாக் கேக்கணும்." அந்த வருடம் முழுவதும் நாங்கள் எந்த இடத்திலிருந்தும் பாதியில் எழுந்து வரவில்லை. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள் என்று அழைப்பில்லாமலே போனோம். மணப்பெண்ணின் சித்தி எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார். வியாசர்பாடியில் கானா கேட்டோம். ஒரு கல்லூரி விழாவில் கிதார்க் கூச்சலுக்கு நடுவே, சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு நான் நின்றேன், அவள் மூடவில்லை.

கோடையின் தொடக்கத்தில் மருமகள் ஷீபா போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். நகரத்தில் ஒரு சின்ன அறையில் 'இரைச்சல் நிகழ்ச்சி'. போனோம். தாடி வைத்த ஒருவர் மேசை நிறைய ஒயர்களும் ஒரு பிஸ்கட் டின்னும் கட்டில் ஸ்பிரிங்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தொடங்கியதும் தண்ணீர் இல்லாத தொட்டியில் மோட்டார் ஓடுவது போல ஒரு சத்தம். வந்திருந்த கொஞ்சம் பேரிலும் சிலர் நழுவினார்கள். பிலோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

முடிந்ததும் நேராக அவரிடம் போனாள். "தம்பி, இது ரிப்பேரா, இல்ல இப்படியேதானா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படியேதாம்மா."

அலாரக் கடிகாரத்துக்குள் இருக்குமே, ஒரு மெல்லிய பித்தளை வட்டத் தகடு, அதைக் காட்டினார். அதை எந்தப் பொருளில் ஒட்டி ஸ்பீக்கரோடு இணைத்தாலும், அந்தப் பொருளுக்குள் இருக்கும் சத்தம் பெரிதாக வெளியே வரும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஒட்டி, "கீறிப் பாருங்க" என்றார். அவள் நகத்தால் கீறினாள். இடி இறங்கியது. ஒரு தகட்டை அவளுக்கே கொடுத்துவிட்டார். வழியெல்லாம் அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய ஸ்பீக்கரோடு நாங்கள் நாலு பேர். பிலோ, நான், கம்பெனித் தோழிகள் வசந்தா, மும்தாஜ். இட்லித் தட்டு, குக்கர் மூடி, சைக்கிள் சக்கரம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசியாக அவளுடைய பழைய கால் மிஷினில் ஒட்டினாள். பெடலை மிதித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு மிஷின்தான். ஆனால் அந்த ஸ்பீக்கரில் எங்கள் கம்பெனி ஷெட் முழுவதும் ஓடியது. மும்தாஜ் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, நிறுத்தாதக்கா" என்றாள் வசந்தா. பிலோ நிறுத்தவில்லை. வெயில் இறங்கும்வரை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் எங்கள் ஞாயிறுக் கூட்டம் தொடங்கியது. அதற்கு ஒரே ஒரு விதி: யாரும் பாடக் கூடாது. ஏன் என்று மும்தாஜ் ஒருநாள் கேட்டாள். அப்போதுதான் பிலோ சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவள் கோயில் பாடகர் குழுவில் இருந்தாளாம். அவள் குரல் சுருதியில் சேரவில்லை. வெளியே அனுப்ப மனம் வராத மாஸ்டர், "நீ வாய மட்டும் அசைம்மா" என்றாராம். நல்ல மனிதர், கெட்ட எண்ணமில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். "ரெண்டு கிறிஸ்துமஸ் வாய அசைச்சேன். ஒருத்தருக்கும் தெரியல. அதுதாமே ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

ஆடி மாதம் மாங்காட்டுப் பக்கம் ஒரு சிறிய அம்மன் கோயிலில் பம்பை அடிப்பதைக் கேட்கப் போனோம். இடுப்பில் கட்டிய இரட்டை மேளம் அது. கூழ் வரிசையில் பிலோ நின்றதைப் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டார். செய்தி பங்குச் சாமியாரின் காதுக்குப் போனது. ஞாயிறு பூசை முடிந்து அவர் பிலோவைக் கூப்பிட்டபோது நானும் வாசலில் இருந்தேன். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏம்மா, பம்பை கேக்கப் போனியாமே. எப்படி இருந்துது?"

"ஒரு பக்கம் அதட்டுது ஃபாதர், ஒரு பக்கம் சமாதானம் பண்ணுது. ஊட்ல புருஷன் பொஞ்சாதி மாதிரி."

அவர் சிரித்தார். மொட்டை மாடிக் கச்சேரியைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். செப்டம்பரில் மாதா திருவிழாக் கலை நிகழ்ச்சியில் பத்து நிமிடம் தருவதாகச் சொன்னார்.

ஜெரால்டுக்கு அது பிடிக்கவில்லை. அவன் ஏசி சர்வீஸ் வேலை செய்பவன். பங்கில் பாதி வீடுகளுக்குப் போய்வருபவன். "மாடியில பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்லல. மேடையில வேணாம்மா. நாளைக்கு நான் எந்த ஊட்டுக்குள்ள போனாலும் சிரிப்பானுங்க" என்றான். "சிரிக்கட்டும்டா. வாய அசைச்சதுக்கு யாரும் சிரிக்கல" என்றாள் பிலோ. அவனுக்கு அது புரிந்திருக்காது.

திருவிழா அன்று மேடையில் ஏறினோம். குழந்தைகளின் நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் எங்கள் முறை. பிலோ மிஷினை மிதித்தாள். நான் குக்கர் மூடியை உரசினேன். கூட்டத்தில் யாரோ, "யப்பா, மிக்ஸிய ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று கத்தினார்கள். மைதானமே சிரித்தது. பின்வரிசைகள் பிரியாணி கொடுக்கும் பக்கம் நகர்ந்தன. ஜெரால்டு எழுந்து வெளியே போவதை மேடையிலிருந்தே பார்த்தோம். வசந்தாவின் கை நின்றுவிட்டது. என் கையும் நிற்க இருந்தது.

பிலோ எங்கள் பக்கம் திரும்பினாள். உள்ளங்கையைத் தரைக்கு நேராக வைத்து முன்னால் தள்ளினாள். ஓடட்டும்.

பத்து நிமிடமும் வாசித்தோம். சாமியார் கைதட்டினார், மரியாதைக்குச் சிலர் தட்டினார்கள். எங்கள் நிகழ்ச்சி தோற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மிஷினை இறக்கும்போது, முகம் தெரியாத ஒரு பெண் மேடை ஓரத்தில் வந்து நின்றாள். "அக்கா, இது டெய்லரிங் செக்‌ஷன் சத்தம்தானே? நான் திருமுடிவாக்கத்துல வேலை செஞ்சேன்" என்றாள். பிலோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிரியாணியை நிதானமாகச் சாப்பிட்டாள், எலும்பு கேட்டு வாங்கி.

ஜெரால்டு அம்மாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஒரே வீட்டில் ஷீபா வழியாகத்தான் பேச்சு. சண்டை என்றால் பிலோ தாங்கிக்கொள்வாள். சத்தமில்லாத வீடு மறுபடியும் வந்துவிட்டதே என்றுதான் வருந்தினாள். ஆனாலும் ஞாயிறுக் கூட்டத்தை விடவில்லை, அவனைக் குறை சொல்லவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு. ஸ்பீக்கர் கொர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. என்ன செய்தும் அடங்கவில்லை. படியில் காலடி கேட்டது. ஜெரால்டு டூல்ஸ் பையோடு வந்து, யாரையும் பார்க்காமல் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தான்.

"எர்த் இல்லம்மா. அதான் இரையுது. கீழ இருந்து கேட்டுகினு எப்படித்தான் இருக்கறது?"

ஒயரை மாற்றிக் கட்டினான். உறுமல் நின்றது. "இப்ப மிதி" என்றான். அவள் மிதித்தாள். அவன் அங்கேயே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கடைசிவரை கேட்டான். ஷீபா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள்.

வருடம் முடிந்தபோது, "அவ்ளோதானா?" என்று நான் கேட்டேன். "பசி அடங்கிடுச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள். அடுத்த வருடமும் கிளம்பினாள். பாதியில் போய்விட்டாள்.

அடக்கத்தன்று ஜெரால்டு என்னைத் தனியே அழைத்து, "மிஷின எடுத்துனு வரவா ஆன்ட்டி?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஒருமுறை சாவு மேளம் கேட்டுத் திரும்பும்போது அவள் சொல்லியிருந்தாள்: "அழறவங்க சத்தத்துக்கு மேல எதுவும் கேக்கக் கூடாதுமே." அதனால் பாடகர் குழு மட்டும் மெதுவாகப் பாடியது. மும்தாஜும் வசந்தாவும் நானும் கைகோத்து நின்றோம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த இடத்தில் கேட்டாலும், முடிந்தவுடன் வாசித்தவரிடம் போய், "உன் பேர் இன்னாப்பா? சாப்ட்டியா?" என்று கேட்காமல் அவள் திரும்பியதில்லை. சபாவோ சந்துமுனையோ, அவளுக்கு அது ஒன்றுதான். நான் கூச்சத்தில் பின்னால் நிற்பேன்.

போன வாரம் குத்தம்பாக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்குத் தனியாகப் போனேன். பறை முழுவதும் கேட்டேன். கூட்டம் சாமிக்குப் பின்னால் போய்விட்டது. தலைக்கு முண்டாசு கட்டிய ஒரு பெரியவர் மட்டும் பறையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். என் கால்கள் தயங்கின. பிறகு போனேன்.

"உங்க பேர் என்னங்க? சாப்பிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் சொன்னார். இனிமேல்தான் சாப்பிட வேண்டும் என்றார். "நீங்க யாரும்மா? கமிட்டியா?"

"இல்லைங்க," என்றேன். "கேக்க வந்தவ."

அவர் துணியை ஒதுக்கி, பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்.