கிளுவையின் கழுத்து

எனக்கு நாக்கு நீளம். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைக் கேட்பதற்கு முன்னால் மெஸ்ஸைக் கேட்கிற ஆள் நான். என் மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். இப்போது சிரிக்க முடிவதில்லை.

பீர்க்கன்கரணையிலிருந்து சிறுசேரி ஆபீசுக்கு என்னைக் காரில் அழைத்துப் போகிறவர் கடலோரக் குப்பத்துக்காரர். முப்பது வயது இருக்கும். விடிகாலையில் அண்ணனுடைய படகில் உப்பங்கழிக்குப் போய் மீன் பிடித்துவிட்டு, குளித்துத் தலைசீவி, எட்டு மணிக்கெல்லாம் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பார். வண்டலூர் ரோட்டு நெரிசலில் ஒருநாள் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது. நான்தான் திருப்பியிருப்பேன்.

"எங்க அப்பா இருக்க சொல்லோ கிளுவை புடிச்சினு வருவாரு சார். குளிருக்கு வந்து எறங்குமே, சின்ன வாத்து, அது. அத துன்னுட்டு கோழி துன்னா பஞ்சு மாரி இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏரிக்கரையிலேயே வனத்துறைப் பலகை இருக்கிறது, தினமும் நடைப்பயிற்சியில் அதைத் தாண்டித்தான் போகிறேன். இருந்தும் மூன்று வாரம் அந்த மனிதரை நச்சரித்தேன். அவரும் வலை சரியில்லை, அண்ணன் ஊரில் இல்லை என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தார்.

"மழைக்கு அப்பறம் பாத்துக்கலாம் சார். அடுத்த வருசம் கண்டிப்பா போலாம்."

"அடுத்த வருஷம் நான் எந்த ஆபீஸ்ல இருப்பேனோ, யாருக்குத் தெரியும்? இந்த மாசம் விட்டா பறவையெல்லாம் கிளம்பிடும் தம்பி."

நான் சார். அவர் என் டிரைவர். என்னிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அது தெரிந்துதான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "வலைய நான் கட்டிடறேன். படகும் நான் தள்றேன். ஆனா உசுர எடுக்கறது நீங்கதான் சார். நான் கைய வெக்க மாட்டேன்."

மாட்டிக்கொண்டால் கேஸ் என் தலையில் விழட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, விவரமான ஆள் என்று எண்ணிக்கொண்டேன். "வாரா வாரம் கோழிக்கடையில நிக்கறவன்ப்பா நான்" என்று பந்தாவாகச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை வெளுக்கும் நேரத்தில் கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கழியில் இறங்கினோம். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. அவர் பின்னால் நின்று மூங்கிலால் சேற்றை ஊன்றித் தள்ள, படகு சத்தமில்லாமல் போனது. தூரத்தில் நாவலூர் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அவர் இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே பழைய மீன்வலையைத் தண்ணீருக்கு மேல் கட்டியிருந்தார். அதில் மூன்று கிளுவைகள் சிக்கியிருந்தன. மூன்றும் உயிரோடுதான் இருந்தன.

ஒன்றை வலையிலிருந்து பிரித்து என் கையில் கொடுத்தார். கை நிறையச் சூடு. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஒரு கைல ஒடம்ப அணைச்சிக்கங்க சார். தலைய இந்தப் பக்கம் தாங்கினு புடிங்க. அப்பறம் ஒரே திருப்பு."

தாங்கிப் பிடித்தேன். அது கத்தவில்லை, கொத்தவில்லை. ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்ப முயன்றேன், அரைகுறையாகத் திருப்பினேன் போலிருக்கிறது. இறக்கையை உதறிக்கொண்டு அது துடித்தது.

"என்னால முடியல. நீங்களே முடிச்சிடுங்க" என்று அதை அவரிடம் நீட்டினேன்.

"சார், நான்தான் சொன்னேனே..."

"துடிக்குதுப்பா! சீக்கிரம் முடிங்க!"

கத்தியேவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். மூங்கிலைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு அதை வாங்கிக்கொண்டார். கிழக்கே திரும்பி வாய்க்குள் என்னவோ சொன்னார். ஒரே திருப்பு. மற்ற இரண்டையும் விட்டுவிடலாமா என்று கேட்டார். எனக்கு அப்போதே வெட்கம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒன்றே ஒன்றோடு திரும்புவதா என்றுதான் சொன்னேன். மற்ற இரண்டும் அவர் கையில்தான் முடிந்தன. பிறகு படகோரம் குனிந்து, வெகுநேரம் உப்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

கரையில் சவுக்கு மரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். சமையல் மட்டும் எனக்குக் கைவந்த வேலை. சேற்று வாடை போக, தோலை உரித்து மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசினேன். வீட்டில் அரைத்துக் கொண்டுபோன மிளகு, சோம்பு, மல்லி எல்லாவற்றையும் பிசறி, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ருசியாகத்தான் இருந்தது. எலும்பைக்கூட விடவில்லை.

அவர் தொடவில்லை. "சனிக்கெழம சார், கவிச்சி சாப்ட மாட்டேன்."

போன சனிக்கிழமை ஆபீஸ் வேலையாகப் போனபோது இதே ஆள் காரில் உட்கார்ந்து நெத்திலி வறுவல் சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன். "கடல்காரனுக்கு ஏதுப்பா சனிக்கிழமை?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்து மழுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வேறு டிரைவர் வந்தார். "அவருக்குப் பொண்ணு பொறந்திருக்கு சார்" என்றார். நல்ல செய்திதான். நானோ விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கழிக்குப் போன அன்று அவர் மனைவிக்கு ஏழாம் மாதம்.

எனக்குத் தெரியாத வழக்கம் என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். என் மனைவி மாசமாக இருந்தபோது, ஆயுத பூசைக்குப் பூசணிக்காய் உடைக்கப் போன என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தவர் என் அம்மா. மாசமாக இருப்பவள் புருஷன் எதையும் உடைக்கக்கூடாது, எந்த உயிரையும் எடுக்கக்கூடாது, செய்தால் பிள்ளையைத் தாக்கும் என்பார். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த ஒன்பது மாதம் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட நான் அடிக்கவில்லை. என் பிள்ளைக்கு அத்தனை பத்திரம் பார்த்தவன்தான் அவரிடம் ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கவுனும் பேபி சோப்பும் வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். குழந்தை அவர் மடியில் இருந்தது. நல்ல நிறம், தலை நிறைய முடி. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் நேராக வைத்தாலும் திரும்பவும் அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனைவியே எனக்குச் சமாதானம் சொன்னாள். "ஒண்ணும் இல்ல சார். கழுத்து நரம்பு இஸ்துகினு கீதாம். டெய்லி எக்சர்சைஸ் குடுத்தா ஆறு மாசத்துல நேராயிடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நிறைய பசங்களுக்கு வர்றதுதானாம்."

"ஆமாம்மா, சரியாயிடும்" என்றேன். எனக்கும் அது தெரியும். உண்மையும் அதுதான்.

"ரெண்டு தபா தங்கல சார். அதான் இந்த வாட்டி யார்கிட்டயும் வாயே தொறக்கல. எங்க மாமியாதான் மனசு ஆறாம, புள்ளத்தாச்சிய வூட்ல வெச்சிகினு எதுனா பண்ணியாடான்னு இவர போட்டு கொடஞ்சிச்சி. மீன தவிர எதையும் தொடலன்னு புள்ள தலைல கைய வெச்சி சத்தியம் பண்ணாரு. அப்பறந்தான் அது வுட்டுச்சி."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், மூன்றாவதன் தலையிலேயே பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். நான் கத்திய கத்தலுக்காக. நான்தாம்மா அவரைச் செய்ய வைத்தேன், பாவம் ஏதாவது இருந்தால் அது என்னுடையது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

அவர் சட்டென்று எழுந்து வந்து குழந்தையை என் கையில் வைத்தார்.

"தலைய இந்தப் பக்கம் தாங்கினு புடிங்க சார்" என்றார்.

தாங்கிப் பிடித்தேன். கை நிறையச் சூடு. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. "இன்னா சார், இன்னாமோ சொல்ல வந்தீங்களே?" என்று அவர் மனைவி கேட்டாள். குழந்தை உன் சாயல்தான் என்றேன். மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.